நாய்க்கும் உண்டு பத்தியம்!

"எங்காத்து நாய் ஒண்ணுமே சாப்பிடறதில்லை மாமி. ரெண்டு வேளை ஒரு பிடி தயிர் சாதம், அவ்வளவுதான். அப்படியும் பாருங்கோ, எப்படி ஊதிண்டே போறதுன்னு!"

மேற்கு மாம்பலத்தில் நாய் வளர்க்கும் வீடுகளில் இந்தப் புலம்பல் அடிக்கடி என் காதில் விழும். (நம்மைப் பற்றியும் நாம் இதையேதான் சொல்லிக்கொள்கிறோம். அது இருக்கட்டும்!) தண்ணீரைக் குடித்தே குண்டாகிற பிராணி உலகத்தில் கிடையாது. எங்கிருந்தோ உள்ளே போகிறது. எங்கிருந்து என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வைத்தியம்.

வாலிப வயது நாய் கொஞ்சம் சதை போட்டால் ஓடி ஆடிக் கரைத்துவிடும். எட்டு, ஒன்பது வயதைத் தாண்டிய நாய்க்கு அது முடியாது. மூட்டுகளில் தேய்மானம் தொடங்கியிருக்கும். அந்த மூட்டின் மேல் இரண்டு மூன்று கிலோ கூடுதலாக உட்கார்ந்தால் வலி, வலித்தால் நடக்காது, நடக்காவிட்டால் இன்னும் சதை. சென்னை வெயில் வேறு. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. குண்டு நாய்க்கு அந்த மூச்சே சிரமம். அக்னி நட்சத்திர நாட்களில் மின்விசிறி நின்றால் நமக்குப் புழுக்கம். அதற்கு உயிருக்கே ஆபத்தாகலாம்.

"வயசாயிடுத்து. இன்னும் எத்தனை நாளோ! வாயில்லா ஜீவன், ஆசைப்பட்டதைச் சாப்பிட்டுட்டுப் போகட்டுமே" என்பவர்கள் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்காவில் 1987-இல் 48 லாப்ரடார் குட்டிகளை எடுத்து, ஒரே ஈற்றில் பிறந்தவற்றை ஜோடி சேர்த்தார்கள். ஜோடியில் ஒன்று சாப்பிடுவதைவிட 25 சதவிகிதம் குறைவாக மற்றொன்றுக்குக் கொடுத்து, கடைசிவரை அப்படியே வளர்த்தார்கள். 2002-இல் முடிவு வெளியானது. நிறையச் சாப்பிட்டவை சுமார் 11.2 வருஷம் இருந்தன. அளவோடு சாப்பிட்டவை 13 வருஷம். நாயின் ஆயுளில் ஏறக்குறைய இரண்டு வருஷம் என்பது சாதாரணமா? மூட்டு வாதமும் இவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. "சாப்பிட்டுட்டுப் போகட்டுமே" என்றால், சீக்கிரமே போகும். போகும்வரை நொண்டிக்கொண்டும் இருக்கும்.

உங்கள் நாய் குண்டா என்று தெரிந்துகொள்ளத் தராசுகூட வேண்டாம். உங்கள் இடது உள்ளங்கையைக் கீழே திருப்பி, விரல்களை நீட்டி, புறங்கை எலும்புகளைத் தடவிப் பாருங்கள். லேசான தோலுக்கு அடியில் எலும்பு தட்டுப்படுகிறது அல்லவா? நாயின் விலா அப்படி இருந்தால் சரி. கையைத் திருப்பி உள்ளங்கையின் சதைப்பக்கம் தடவினால் எப்படி இருக்கிறதோ, விலா அப்படி மெத்தென்று இருந்தால் கொழுப்பு ஏறிவிட்டது. மேலே இருந்து பார்த்தால் இடுப்பு சற்று உள்வாங்கித் தெரிய வேண்டும். பீப்பாய் மாதிரி இருக்கக் கூடாது. பொசுபொசுவென்று முடி உள்ள நாய்களைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். கைதான் சரியான அளவுகோல்.

இதிலே ஒரு எச்சரிக்கை. வயிறு மட்டும் தொங்கிப் பெருத்து, முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு இருந்தால் அது சாப்பாட்டுக் கொழுப்பு அல்ல. வயிற்றில் நீர் கோத்திருக்கலாம், சுரப்பிக் கோளாறாக இருக்கலாம். திடீரென்று தண்ணீர் அதிகம் குடிப்பது, முடி கொட்டுவது, எப்போதும் சோம்பிப் படுத்திருப்பது இவையெல்லாம் தைராய்டு போன்ற கோளாறுகளின் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆகவே வயதான நாய்க்குச் சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன் டாக்டரிடம் காட்டி, ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது அவசியம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் முட்டை, பனீர் என்று நாமாக ஏற்றவும் கூடாது. நம் பக்கத்திலேயே இப்போது கால்நடை டாக்டர்கள் இருக்கிறார்கள். வேப்பேரியில் 1903-ஆம் வருஷத்திலிருந்து நடந்துவரும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. ஒரு காலைப்பொழுது போகும், போகட்டும்.

இனி ஜிம்மியின் கதைக்கு வருகிறேன். எங்கள் எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் வெள்ளை ஸ்பிட்ஸ் நாய். வயது 11. போன தை மாதம் அதன் எடை 12.4 கிலோ. இருக்க வேண்டியது 9 கிலோ என்று டாக்டர் சொன்னார். பின்னங்கால் ஒன்றைத் தரையில் சரியாக ஊன்றாது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, இரண்டாவது மாடி. அந்த வீட்டு மாமிக்கு 80 வயதுக்கு மேல். பிள்ளையும் மருமகளும் காலையில் ஆபீஸ் போனால் இருட்டித்தான் வருவார்கள். பகலெல்லாம் மாமிக்கு ஜிம்மி, ஜிம்மிக்கு மாமி. நாயைத் தூக்கிக்கொண்டு மாடி இறங்க மாமியால் ஆகாது. நாயால் நடக்கவும் ஆகாது. "இது கால் விழுந்துடுத்துன்னா என்னடீம்மா பண்ணுவேன்?" என்று மாமி என்னிடம் கேட்டபோது அவர் குரலே சரியாக இல்லை.

டாக்டர் சொன்னபடி மருமகள் ஒரு நோட்டுப்புத்தகம் போட்டாள். நாய் வாயில் என்ன போனாலும், யார் கொடுத்தாலும், அதில் எழுத வேண்டும். மூன்று நாள் எழுதியதைப் பார்த்தோம். இரண்டு வேளைக் கிண்ணத்தில் விழுந்த தயிர் சாதம் எல்லாம் சேர்த்து சுமார் 250 கலோரி. அதற்கு வெளியே? காலைக் காபி நேரத்தில் அரை டம்ளர் பால், 60. நாள் முழுவதும் மாமி கையால் நான்கு மாரி பிஸ்கட், 100. கீழே வாட்ச்மேன் தன் டீயோடு பிய்த்துப் போடும் அரை பன், 100. ராத்திரி பிள்ளை தட்டிலிருந்து நெய் தடவின ஒரு சப்பாத்தி, 120. ஆக, கிண்ணத்தில் 250, கைகளில் 380!

"ஒரு பிடி தயிர் சாதம்தான்" என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. கிண்ணத்தை மட்டும் பார்த்துச் சொன்னார்கள். நான்கு பேர் நான்கு இடத்தில் "ஒரே ஒரு வாய்தானே" என்று கொடுத்ததை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

சரி, அதற்கு எவ்வளவுதான் வேண்டும்? இதற்கு ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. கைபேசியில் உள்ள கால்குலேட்டரே போதும். நாய் இருக்க வேண்டிய எடையை மூன்று தடவை பெருக்குங்கள்: 9 x 9 x 9 = 729. அதற்கு வர்க்கமூலம் எடுங்கள்: 27. மறுபடி ஒரு வர்க்கமூலம்: 5.2. இதை 70-ஆல் பெருக்கினால் 364. சும்மா படுத்திருக்கும் 9 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டியது இவ்வளவுதான். இளைக்க வைக்கும்போது ஏறக்குறைய இந்த அளவில்தான் டாக்டர்கள் ஆரம்பிக்கிறார்கள். ஜிம்மிக்குக் கைத்தீனி மட்டுமே 380. கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டிருந்தாலும் இந்த அளவைத் தாண்டியிருக்கும்!

இன்னொரு விதமாகப் பாருங்கள். ஒரு மாரி பிஸ்கட் சுமார் 25 கலோரி. நமக்கு அது ஒன்றுமே இல்லை. அந்தச் சின்ன உடம்புக்கு ஒரு பிஸ்கட் என்பது நாம் இரண்டு இட்லியை உள்ளே தள்ளுவதற்குச் சமம். நாளைக்கு நான்கு பிஸ்கட் என்றால், வேளா வேளைக்குச் சாப்பிட்டது போக நடுவில் எட்டு இட்லி!

"அப்படியானால் சாதத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறேன்" என்று கிளம்பாதீர்கள். பட்டினி போட்டால் கொழுப்போடு சதையும் கரையும். வயதான நாய்க்குக் கால் நிற்பதே சதைப்பிடிப்பால்தான். பசி தாங்காமல் குப்பைக்கூடையைக் கவிழ்க்கும். கொழுப்பும் மாவும் குறைய வேண்டும். புரதம் குறையக் கூடாது. வயிறும் நிறைய வேண்டும். அதுதான் சூட்சுமம்.

தயிர் சாதம் நாய்க்கு ஆகவே ஆகாது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அதுவும் சரியில்லை. மனிதனோடு பல்லாயிரம் வருஷம் வாழ்ந்ததில், ஓநாயைவிட மாவுப்பொருளை ஜீரணிக்கும் சக்தி நாய்க்குக் கூடியிருக்கிறது என்று 2013-இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் மரபணுவைப் பார்த்துச் சொன்னார்கள். சாதம் விஷமல்ல. சாதம் மட்டுமே இருப்பதுதான் குறை.

ஜிம்மிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஒரு நாள் பத்தியம் இது. வெந்த சாதம் 60 கிராம், வேகவைத்த முட்டை இரண்டு, ஆடை எடுத்த தயிர் 100 கிராம், உப்பில்லாமல் வேகவைத்து மசித்த பரங்கிக்காய், பீன்ஸ், கேரட் எல்லாம் சேர்த்து 150 கிராம். கூட்டினால் 330 சொச்சம் வரும். காய்தான் வயிற்றை நிரப்புகிறது. இதை மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். வீட்டுச் சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து போதாது என்பதால் அதற்கும் மற்ற சத்துக்களுக்கும் பொடி தனி. அதை டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். முட்டை நுழையாத வீடு அது. அதனால் வேலை செய்யும் பெண் தன் வீட்டிலேயே வேகவைத்துக் கொண்டுவந்துவிடுகிறாள். மாமி பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போய்விடுவார்! முட்டையே வேண்டாம் என்பவர்கள் கொழுப்பு குறைந்த பனீர் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அசைவ வீடுகளில் தோல் நீக்கிய கோழி, மசாலா இல்லாமல். சமைக்க நேரமில்லாதவர்களுக்கு எடை குறைப்பதற்கென்றே தயாரித்த உணவு டாக்டர் சிபாரிசில் கிடைக்கிறது. சாதாரணப் பாக்கெட் தீனியைப் பாதியாகக் குறைத்தால் சத்தும் பாதியாகிவிடும், அதைச் செய்யாதீர்கள்.

எதையும் கரண்டிக் கணக்கில் போடாதீர்கள். கரண்டி கைக்குக் கை மாறும், மனசுக்கு மனசும் மாறும். கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். பழைய சாப்பாட்டிலிருந்து புதியதற்கு ஒரேயடியாகத் தாவாமல் பத்து, பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

எல்லாம் சரி, மாமியின் பிஸ்கட்டை என்ன செய்வது? இதுதான் பெரிய பஞ்சாயத்தாக இருந்தது. மருமகள் டின்னை எடுத்து ஒளித்து வைத்தாள். மாமி இரண்டு நாள் பேசவில்லை. "நாலு மணிக்கு அது வந்து என் முழங்காலில் தலையை வச்சுக்கும். வெறுங்கையோட நான் எப்படி இருப்பேன்?" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. பகல் பூராவும் அந்த வீட்டில் அவரை எதிர்பார்த்து ஓடிவருகிற ஜீவன் அது ஒன்றுதான். அந்தக் கையைத் தட்டிவிட்டு நாயை இளைக்க வைத்து என்ன பிரயோஜனம்?

என் யோசனை இது: டின்னை மாமியிடமே திருப்பிக் கொடுங்கள். ஆனால் உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதைத் தராசு சொல்லட்டும். காலையில் அன்றைய 150 கிராம் காயிலிருந்து ஒரு பங்கை, மசிக்காமல் விரல்நுனி அளவுத் துண்டுகளாக்கி வேகவைத்து, ஒரு டப்பாவில் போட்டு மாமியிடம் கொடுத்தாள் மருமகள். கூடவே ஒரே ஒரு மாரி பிஸ்கட், நாலாக உடைத்தது. அதையும் சேர்த்தே கணக்கு 364-க்குள் நிற்கிறது. டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். இன்னொன்றும் சேர்த்துக்கொண்டோம். நோட்டுப்புத்தகம் எழுதுகிற உத்தியோகம் மாமிக்கு! அதற்கப்புறம் பாருங்கள், பிள்ளை சப்பாத்தியைப் பிய்த்தால் மாமி குரல் உள்ளிருந்து வரும்: "டேய், அதைக் கணக்குல எழுதணும்!" வாட்ச்மேனிடமும் அவரே சொல்லிவிட்டார். நாய்க்கு வேண்டியிருந்தது முழங்காலும், கையும், கொடுக்கிற அந்தச் சடங்கும். பீன்ஸ் துண்டுக்கும் அது அதே வாலைத்தான் ஆட்டியது.

வாரத்தில் எடையில் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு பங்கு குறைந்தால் போதும். ஜிம்மி அளவு நாய்க்கு வாரம் 120 கிராம். அதற்கு மேல் வேகம் கூடாது. எடை பார்க்க, நீங்கள் நாயைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் நின்று, பிறகு தனியாக நின்று, கழித்துக்கொள்ளுங்கள். பெரிய நாயானால் டாக்டரிடம்தான் போக வேண்டும். ஜிம்மிக்கு முதல் மாதம் அரைக் கிலோ குறைந்தது. சித்திரையில் பேரக் குழந்தைகள் லீவுக்கு வந்தார்கள். 200 கிராம் ஏறியது! ஆடி பிறந்தபோது 10.3 கிலோ. 9-க்கு இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் 9 வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூட்டு வாதமுள்ள குண்டு நாய்களுக்கு எடையில் நூற்றுக்கு 6 பங்கு குறைந்தாலே நொண்டல் நன்றாகக் குறைவதாக 2010-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி சொல்கிறது. ஜிம்மிக்கு அது முக்கால் கிலோதான். மாசி கடைசியிலேயே அது நான்கு காலையும் ஊன்றி நின்றதை நான் பார்த்தேன். இப்போது நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, தானாகவே மாடி ஏறுகிறது. பெயின்கில்லரை டாக்டர் பாதியாக்கியிருக்கிறார்.

லாப்ரடார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் நாய் எப்போதும் பசி பசி என்று பார்ப்பது பாசாங்கு இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2016-இல் கண்டுபிடித்தபடி, லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, "வயிறு நிறைந்தது" என்று சொல்லும் மரபணு பழுதாகியிருக்கிறது. அதன் கண்ணை நம்பாமல் தராசை நம்புங்கள்.

சின்னக் குழந்தை உள்ள வீட்டில் இரட்டைக் கவனம் தேவை. குழந்தைக்கு ஊட்டும்போது நாற்காலிக்கு அடியில் சிந்துவதெல்லாம் நாய்க்குத்தான். அந்த நேரம் நாயை வேறு அறையில் விட்டுவிடுங்கள். அதைவிட முக்கியம், பத்தியத்தில் இருக்கும் நாய் பசியோடு இருக்கும். அது சாப்பிடும்போது தவழும் குழந்தையைக் கிண்ணத்தருகே விடவே கூடாது. எவ்வளவு சாதுவான நாயானாலும் சரி.

விசேஷ நாட்களும் அப்படித்தான். பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் திராட்சை இருக்கும். திராட்சை, உலர்ந்ததோ பச்சையோ, நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சாம்பார் சாதத்தில் வெங்காயம். அது ரத்தத்துக்குக் கெடுதல். சாக்லேட் கூடாது. "சர்க்கரை இல்லாதது, கலோரி குறைவு" என்று நினைத்து நம் மிட்டாயையும் சூயிங்கத்தையும் கொடுத்துவிடாதீர்கள். அவற்றில் சேர்க்கும் சைலிடால் என்ற இனிப்பு நாயைக் கொன்றே விடும். மொட்டை மாடியில் காக்கைக்கு வைத்த சாதம் யார் வயிற்றுக்குப் போகிறது என்றும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். தேய்பிறை அஷ்டமியில் பைரவரை நினைத்துப் பிஸ்கட் போட வேண்டும் என்றால், வீதியில் ஒட்டிய வயிற்றோடு நிற்கிறதே, அதற்குப் போடுங்கள்.

நடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இளைப்பது சாப்பாட்டால்தான், நடை மூட்டுக்கும் மனசுக்கும். ஒரேயடியாக அரைமணி இழுத்துக்கொண்டு போவதைவிட, பத்துப் பத்து நிமிஷமாக மூன்று தடவை. விடிகாலையிலோ இருட்டினபிறகோ போங்கள். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. அயோத்தியா மண்டபம் பக்கம் சாயங்காலக் கூட்டத்தில் வயசு நாயை அழைத்துப் போவது உங்களுக்கும் அவஸ்தை, அதற்கும் அவஸ்தை, உள்தெருக்களே நல்லது. வீட்டுக்குள் வழுவழு டைல்ஸில் கால் வழுக்கும். பழைய கோரைப்பாயோ சாக்கோ விரித்துவிடுங்கள்.

இரண்டு மூன்று வாரம் எடை அசையாமல் நின்றால் பதறாதீர்கள். முதலில் நோட்டுப்புத்தகத்தைப் புரட்டுங்கள். அநேகமாக எழுதாமல் விட்ட கை ஒன்று அகப்படும். அதுவும் இல்லையென்றால் டாக்டரைக் கேட்டு அளவைச் சற்றுக் குறைக்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டுப் பூனைக்கும் இதே பத்தியத்தைத் தொடங்கிவிடாதீர்கள். பூனைக்கு மாமிசச் சத்து இல்லாமல் முடியாது. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரல் கெட்டு ஆபத்தாகிவிடும். அதைப் பற்றி அடுத்த இதழில் தனியாக எழுதுகிறேன்.